பிலடெல்பியாவில் தோற்றது யார்?

2004 மார்ச் மாதம், யுஎஸ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி டேவிட் சீகல் தன் ஊழியர்களிடம் சுற்றி வளைக்காமல் ஒன்றைச் சொன்னார். மலிவுக் கட்டண விமான நிறுவனமான சவுத்வெஸ்ட் நம்மை மேற்குக் கடற்கரையில் தோற்கடித்தது, பால்டிமோரில் தோற்கடித்தது. பிலடெல்பியாவிலும் தோற்கடித்தால் நம்மைக் கொன்றே விடும் என்றார். நிறுவனத் தலைவர்கள் வழக்கமாக இப்படிப் பேசுவதில்லை. ‘சவால்’, ‘வாய்ப்பு’ என்று பூசி மெழுகுவார்கள். அடுத்த மாதமே சீகல் பதவி விலகினார். மே 9ஆம் தேதி சவுத்வெஸ்ட் பிலடெல்பியாவில் கால் வைத்தது. செப்டம்பர் 12ஆம் தேதி யுஎஸ் ஏர்வேஸ் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புத் தேடி இரண்டாவது முறையாகத் திவால் நீதிமன்றத்தின் படியேறியது. முதல் முறை ஏறி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

தேதிகளை இப்படி அடுக்கிவிட்டால் வேறு விளக்கமே தேவையில்லை என்று தோன்றும். மலிவு நிறுவனம் வந்தது, பெரிய நிறுவனம் விழுந்தது, அவ்வளவுதான். அப்போது வந்த பல கட்டுரைகளும் அப்படித்தான் எழுதின. ஆனால் இன்றைய பிலடெல்பியா விமான நிலையத்தைப் பாருங்கள். அங்கே கோலோச்சுவது யுஎஸ் ஏர்வேஸைத் தன்னுள் இணைத்துக்கொண்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ். சவுத்வெஸ்ட் ஒரு முனையத்தின் ஓரத்தில் இருக்கிறது. கொல்ல வந்தவர் திண்ணையிலும் சாகக் கிடந்தவர் நடுக்கூடத்திலும் இருப்பது எப்படி நேர்ந்தது என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி.

முதலில் சாகக் கிடந்தவரின் பூர்வீகம். யுஎஸ் ஏர்வேஸின் வேர் 1939இல் ரிச்சர்ட் டூபாண்ட் தொடங்கிய ஆல் அமெரிக்கன் ஏவியேஷன். அது பயணிகளை ஏற்றவில்லை, தபால் சுமந்தது. பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா மலையூர்களில் விமானம் இறங்க இடமில்லை. அதனால் விமானம் தாழப் பறந்து வந்து, இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டியிருந்த தபால் பையைக் கொக்கியால் கவ்விக்கொண்டு மேலேறிவிடும். பின்னர் பயணிகள் விமானமாகி, 1953இல் அலிகேனி என்று பெயர் மாறியது. அதன் சேவையில் நொந்துபோன பயணிகள் ‘அவஸ்தை ஏர்லைன்ஸ்’ என்று பொருள்படும்படி அந்தப் பெயரைத் திரித்துக் கேலி செய்தார்கள். 1979இல் யுஎஸ் ஏர் ஆனதும், 1997இல் யுஎஸ் ஏர்வேஸ் ஆனதும் அந்தப் பழைய பெயரின் நெடியைப் போக்கும் முயற்சிகள்தாம் என்றால் மிகையில்லை.

1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அமெரிக்க விமானத் துறையின் கட்டுகளை அவிழ்த்துவிட்டது. அதுவரை எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் கூட்டாட்சி அரசின் வாரியம் ஒன்றுதான் தீர்மானித்து வந்தது. செலவு ஏறினால் வாரியத்திடம் காட்டிக் கட்டணத்தை ஏற்றிக்கொள்ளலாம். நாற்பது ஆண்டுகள் அப்படி வளர்ந்த நிறுவனங்களுக்குச் செலவைக் குறைப்பது என்பது ஒரு பழக்கமாகவே உருவாகவில்லை.

சவுத்வெஸ்ட் அந்த வாரியத்தின் வேலிக்கு வெளியே பிறந்தது. வாரியத்தின் அதிகாரம் மாநிலங்களுக்கு இடையே பறப்பவர்கள் மீதுதான். ஒரே மாநிலத்துக்குள் பறந்தால் அதனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. டெக்சாஸ் பெரிய மாநிலம். டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்ற மூன்று நகரங்களை இணைத்தாலே பிழைப்பு நடக்கும் என்று ரோலின் கிங்கும் வழக்கறிஞர் ஹெர்ப் கெல்லஹரும் கணக்குப் போட்டு, 1967இல் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். முதல் விமானம் பறந்தது 1971 ஜூன் 18ஆம் தேதி. இடைப்பட்ட நாலு ஆண்டுகள் நீதிமன்றத்தில் கழிந்தன. பிரானிஃப், டெக்சாஸ் இன்டர்நேஷனல், கான்டினென்டல் ஆகிய மூன்றும் சேர்ந்து, ஒரு விமானம்கூட இல்லாத நிறுவனத்தைத் தரையோடு அழுத்திவைக்க வழக்கு மேல் வழக்குப் போட்டன. கெல்லஹருக்கு விமானத் தொழில் கற்றுக்கொடுத்தது நீதிமன்ற வராந்தாதான்.

1972இல் கையில் காசில்லாமல் தன் நாலு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டு, நாலு விமானங்களின் கால அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்ட வேண்டிய நிலை சவுத்வெஸ்டுக்கு வந்தது. வந்து நின்ற விமானத்தைப் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினால்தான் அது முடியும். அனுப்பினார்கள். வறுமையில் கற்ற அந்த வித்தைதான் பின்னால் வணிகக் கல்லூரிகளில் உத்தி என்று பாடமானது. மறு ஆண்டு பிரானிஃப் டல்லஸ்–ஹூஸ்டன் கட்டணத்தைப் பாதியாக்கி 13 டாலருக்கு இறக்கியது. சவுத்வெஸ்ட் பயணிகளிடமே முடிவை விட்டது: 13 டாலர் கொடுங்கள், அல்லது முழுக் கட்டணமான 26 டாலரைக் கொடுத்துவிட்டு ஒரு விஸ்கி பாட்டிலை வாங்கிக்கொண்டு போங்கள். நிறுவனக் கணக்கில் பயணம் செய்த வணிகர்களில் பெரும்பாலோர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுதான் சவுத்வெஸ்ட் முதல் முறையாக லாபம் கண்டது. பிரானிஃப் 1982 மே மாதம் பறப்பதை நிறுத்தியது.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் நகர முடியவில்லை. மாநிலத்துக்குள் மட்டும் பறப்பது, ஒரே வகை சேவை, குறைந்த கட்டணம், அடிக்கடி விமானம் என்ற சமையல் குறிப்பு சவுத்வெஸ்ட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கலிபோர்னியாவில் 1949 முதல் பறந்துகொண்டிருந்த பிஎஸ்ஏ நிறுவனத்தைப் பார்த்துக் கற்றதுதான். அந்த பிஎஸ்ஏவை 1987இல் விலைக்கு வாங்கியவர் யார்? யுஎஸ் ஏர். மூலப் பிரதியே கைக்கு வந்து சேர்ந்தது. அதை வைத்து அவர்கள் செய்தது என்ன? பிஎஸ்ஏ விமானங்களின் மூக்கில் வரைந்திருந்த புன்னகைக் கோட்டை அழித்தார்கள். தங்கள் சம்பள விகிதத்தையும் விதிகளையும் கிழக்கிலிருந்து கொண்டுபோய் அங்கே பொருத்தினார்கள். சில ஆண்டுகளுக்குள் கலிபோர்னியாவின் குறுந்தூரத் தடங்களிலிருந்து பெரும்பாலும் வெளியேறினார்கள். காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தது சவுத்வெஸ்ட். சீகல் சொன்ன ‘மேற்குக் கடற்கரைத் தோல்வி’ இதுதான். என்னைக் கேட்டால் அது தோல்வி அல்ல, தானம்.

இனி, பெரிய நிறுவனத்தின் பிழைப்பு எதில் நின்றது என்று பார்க்க வேண்டும். பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இது.

கட்டுகள் அவிழ்ந்தபின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் மையம் ஒன்றை அமைத்து அதைச் சுற்றி ஆரங்கள் வைத்தன. முப்பது ஊர்களிலிருந்து ஒரே மையத்துக்கு விமானம் விட்டால் தடங்கள் முப்பதுதான். ஆனால் மையத்தில் விமானம் மாறுவதன் மூலம் அந்த முப்பது ஊர்களுக்குள் 435 ஊர்ச்சோடிகளை இணைத்துவிடலாம். நேரடி விமானம் விடுமளவுக்குக் கூட்டம் இல்லாத ஊர்களும் உலகத்தோடு சேர்ந்துவிடும். கணக்கு அழகானது. அதற்கான விலையும் உண்டு. இணைப்பு கிடைக்க வேண்டுமென்றால் எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். காலை எட்டு மணிக்கு எல்லா வாயில்களும் நிரம்பும். பத்து மணிக்கு வெறிச்சோடும். உச்ச நேரத்துக்குத் தேவையான ஆட்களும் வாயில்களும் மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கும். விமானங்களோ மற்ற விமானங்களுக்காகத் தரையில் காத்துக் கிடக்கும். தரையில் நிற்கும் விமானம் வட்டி கட்டுகிறதே தவிர ஒரு காசு சம்பாதிப்பதில்லை.

அந்தச் செலவை யார் தலையில் கட்டினார்கள்? மைய நகரத்திலேயே குடியிருப்பவர்கள் தலையில். இணைப்பு விமானத்தில் போகிறவருக்கு வேறு வழிகள் உண்டு. பிலடெல்பியா வழியாகப் போகப் பிடிக்காவிட்டால் அட்லான்டா வழியாகவோ சிகாகோ வழியாகவோ போவார். அவரைப் பிடித்து வைக்கக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். பிலடெல்பியாக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் ஊரிலிருந்து நேராகப் பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவை ஒரே நிறுவனத்துடையவை. 2000களின் தொடக்கத்தில் அந்த நிலையப் பயணிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் யுஎஸ் ஏர்வேஸில் போனவர்கள். குறைந்த தூரம் நேராகப் பறப்பவர் அதிகமாகவும், நெடுந்தூரம் சுற்றிப் பறப்பவர் குறைவாகவும் பணம் கட்டும் விநோதம் இப்படித்தான் வந்தது. இத்தகைய நிலையங்களை அமெரிக்கர்கள் கோட்டை என்றே அழைத்தார்கள்.

கோட்டைக்குள்ளும் எல்லாரிடமும் ஒரே அளவு கறப்பதில்லை. அதற்கு ஒரு வடிகட்டி இருந்தது: சனிக்கிழமை இரவு விதி. மலிவான டிக்கெட் வேண்டுமென்றால் போன ஊரில் ஒரு சனிக்கிழமை இரவு தங்கித்தான் திரும்ப வேண்டும். சுற்றுலா போகிறவருக்கு அதில் சிரமம் இல்லை. திங்கட்கிழமை போய்ப் புதன்கிழமை திரும்ப வேண்டிய விற்பனை மேலாளருக்கு அது சாத்தியமில்லை. ‘உங்கள் டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?’ என்று வெளிப்படையாகக் கேட்க முடியாத நிறுவனங்கள், கேள்வியை இப்படி விதியாக மாற்றி வைத்திருந்தன. கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்கும் அந்த மேலாளர்தான் கோட்டையின் தூண். பின்னால் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரின் மலிவு டிக்கெட்டையும் மறைமுகமாக அவர்தான் சுமந்தார்.

சவுத்வெஸ்ட் வந்து கை வைத்தது அந்தத் தூணில்தான். ஒரு பயணத்தடத்தில் மலிவு நிறுவனம் நுழைந்தால் கட்டணம் சரிவதும், காரில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட விமானம் ஏறிப் பயணிகள் எண்ணிக்கை பெருகுவதும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. 1993இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை இதை ஆராய்ந்து ‘சவுத்வெஸ்ட் விளைவு’ என்றே பெயரிட்டது. புதிய பயணிகளில் பங்கு கிடைக்கிறதே என்று பெரிய நிறுவனம் மகிழ முடியாது. அவர்களைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றினால், அதன் செலவே அந்தக் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

செலவு என்றால் எவ்வளவு? விமானத் தொழிலில் ஓர் இருக்கையை ஒரு மைல் தூரம் கொண்டுபோக ஆகும் செலவை அலகாக வைத்துக்கொள்வார்கள். 2003இல் சவுத்வெஸ்டுக்கு அது 7.6 சென்ட். யுஎஸ் ஏர்வேஸுக்குச் சுமார் 11 சென்ட். சில சென்ட்தானே என்று தோன்றலாம். 137 இருக்கைகள் கொண்ட போயிங் 737 விமானம் ஆயிரம் மைல் பறந்தால், அந்த வித்தியாசம் 4,600 டாலரைத் தாண்டும். ஒவ்வொரு பயணத்திலும் அவ்வளவு பணத்தைக் கூடுதலாகப் பயணிகளிடமிருந்து வாங்கினால்தான் சரிசமமாக நிற்க முடியும்.

மலிவு நிறுவனம் என்றால் ஊழியர்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் நிறுவனம் என்று பலர் நினைக்கிறார்கள். சவுத்வெஸ்ட் விஷயத்தில் அது பிழை. அமெரிக்காவில் தொழிற்சங்கங்கள் மிக வலுவாக இருக்கும் விமான நிறுவனங்களில் அதுவும் ஒன்று. யுஎஸ் ஏர்வேஸின் சம்பள வெட்டுகள் முடிந்த காலத்தில், சவுத்வெஸ்ட்டின் 737 விமானிகள் அந்த நிறுவனத்தின் விமானிகளைவிட நன்றாகவே சம்பாதித்தார்கள். வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. சவுத்வெஸ்ட்டிடம் இருந்தது 737 என்ற ஒரே இனம். எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், ஒரே உதிரிபாகக் கிடங்கு போதும். யுஎஸ் ஏரிடம் ஒரு காலத்தில் ஃபோக்கர், டிசி-9, எம்டி-80, 727, 737, 757, 767 என்று ஒரு கண்காட்சியே இருந்தது. ஒவ்வொரு இணைப்பும் ஒரு புது இனத்தையும், அதற்கான விமானிகளையும், அவர்களுடைய தனி விதிகளையும் கொண்டுவந்து சேர்த்தது. 1989இல் பீட்மான்ட் என்ற விமான நிறுவனத்தை விழுங்கியபோதும் இதுதான் கதை.

இதற்கு மேல் பணிமூப்புப் பொறி ஒன்று உண்டு. நட்டம் வந்தால் நிறுவனம் சுருங்கும். சுருங்கும்போது ஒப்பந்தப்படி கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போக வேண்டும். அதாவது மிகக் குறைந்த சம்பளக்காரர். மிஞ்சுகிறவர்கள் எல்லாம் மூத்தவர்கள், அதிகச் சம்பளம், நீண்ட விடுப்பு. ஆகவே சுருங்கச் சுருங்க ஒரு மைலுக்கான செலவு ஏறும். ஏறிய செலவு இன்னும் சுருங்கச் சொல்லும். வளரும் நிறுவனத்திலோ ஆண்டுதோறும் இளைஞர்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால் சராசரிச் செலவு தானாகவே அடங்கியிருக்கும். யுஎஸ் ஏர்வேஸ் அதிகாரிகள் முட்டாள்கள் அல்லர். கடந்த காலத்தின் முடிவுகள் ஒப்பந்தங்களாக எழுதி வைக்கப்பட்டிருந்தன என்பதே அவர்களின் சிக்கல்.

பால்டிமோரில் இது பட்டவர்த்தனமானது. 1993 செப்டம்பரில் சவுத்வெஸ்ட் அங்கே வந்தபோது அது யுஎஸ் ஏரின் மையங்களில் ஒன்று. ஐந்தாண்டு யோசித்துவிட்டு, 1998 ஜூனில் யுஎஸ் ஏர்வேஸ் தனக்குள்ளேயே ‘மெட்ரோஜெட்’ என்று ஒரு மலிவு நிறுவனத்தை உருவாக்கியது. 737 மட்டும், ஒரே வகுப்பு, குறைந்த கட்டணம். பிற பெரிய நிறுவனங்களும் இதே வேடத்தைப் போட்டுப் பார்த்தன: கான்டினென்டல் லைட், டெல்டா எக்ஸ்பிரஸ், சாங், யுனைட்டெட்டின் டெட். ஒன்றும் நிலைக்கவில்லை. பெயரும் வண்ணமும் மாறின. சம்பளப் பட்டியலும் மையத்தைக் கட்டிக் காக்கும் செலவும் மாறவில்லை. மெட்ரோஜெட் 2001 டிசம்பரில் மூடப்பட்டது. பால்டிமோர் சவுத்வெஸ்ட்டின் பெரிய தளங்களில் ஒன்றாகிவிட்டது.

2001இல் அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. யுனைட்டெட் நிறுவனம் 430 கோடி டாலருக்கு யுஎஸ் ஏர்வேஸை வாங்கிக்கொள்வதாக 2000இல் பேசியிருந்தது. நீதித் துறை எதிர்த்ததால் 2001 ஜூலையில் அது முறிந்தது. செப்டம்பர் 11க்குப் பின் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையம் மூன்று வாரத்துக்கும் மேல் மூடிக் கிடந்தது. அங்கே அதிக விமானம் வைத்திருந்தது யுஎஸ் ஏர்வேஸ்தான். 2002 ஆகஸ்டில் முதல் திவால். 2003 மார்ச் கடைசியில் அரசு உத்தரவாதம் பெற்ற கடனோடும், அலபாமா மாநில ஓய்வூதிய நிதியம் போட்ட 24 கோடி டாலரோடும் வெளியே வந்தது. அதே மார்ச் மாதத்தில் தன் விமானிகளின் ஓய்வூதியத் திட்டத்தைக் கைகழுவி, அதை அரசின் காப்புறுதி அமைப்பின் தலையில் இறக்கியது. அலபாமா ஆசிரியர்களின் ஓய்வுக்காலப் பணம், விமானிகளின் ஓய்வுக்காலப் பணத்தை ரத்து செய்த நிறுவனத்தைக் காப்பாற்றப் போனது என்பதை நான் இரண்டு முறை படித்துத்தான் நம்பினேன். இரண்டாவது திவாலில் அந்த முதலீடும் கரைந்தது.

பிலடெல்பியாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? யுஎஸ் ஏர்வேஸுக்குப் பிட்ஸ்பர்க், ஷார்லட் என்று வேறு மையங்களும் இருந்தன. அவற்றில் ஊர்க்காரர்களைவிட விமானம் மாறுகிறவர்களே அதிகம். பிலடெல்பியா மட்டுமே தானே பெருநகரம். ஐரோப்பா விமானங்களுக்கான வாசலும் அதுவே. 2003இல்தான் அங்கே புதிய பன்னாட்டு முனையம் திறந்திருந்தார்கள். மறுபக்கம், நெரிசலான நிலையங்களை ஒதுக்கிவிட்டுப் பக்கத்து ஊர்ச் சிறு நிலையங்களில் இறங்குவதே சவுத்வெஸ்ட்டின் வழக்கம். நியூயார்க்குக்குப் பதில் இஸ்லிப், பாஸ்டனுக்குப் பதில் பிராவிடன்ஸ். தாமதத்துக்குப் பேர்போன பிலடெல்பியாவுக்கு அது வந்ததே தன் வழக்கத்தை மீறித்தான். நாளுக்கு 14 விமானங்கள், ஆறு ஊர்கள். எண்ணிக்கையில் அற்பம். ஆனால் கோட்டைக்கு ஒரு சிறு ஓட்டை போதும். தன் விமானம் போகாத ஊர்களுக்கும் கட்டணத்தைக் குறைக்கும் நெருக்கடியைச் சவுத்வெஸ்ட் உண்டாக்கியது; அடுத்து எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாதே. யுஎஸ் ஏர்வேஸ் ‘கோஃபேர்ஸ்’ என்று புதுக் கட்டணப் பட்டியல் போட்டு, சனிக்கிழமை இரவு விதியை அங்கே தானே தூக்கி எறிந்தது. தூணைக் காக்கத் தூணையே பெயர்த்துக் கொடுத்த கதைதான்.

அந்த ஆண்டு கச்சா எண்ணெய் பீப்பாய் 50 டாலரைத் தாண்டியது. சவுத்வெஸ்ட்டோ தன் தேவையில் 80 விழுக்காட்டுக்கும் மேல், சுமார் 24 டாலர் விலைக்கு ஈடாக முன்பேர ஒப்பந்தங்களில் பூட்டி வைத்திருந்தது. அந்தக் காவலைப் போட்ட நிதி அதிகாரி கேரி கெல்லிதான் 2004 ஜூலையில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். திவாலில் கிடக்கும் நிறுவனத்தால் அப்படிச் செய்ய முடியாது. நாளை இருப்பாரா என்று தெரியாதவரோடு யார் நீண்டகால ஒப்பந்தம் போடுவார்கள்? மலிவு நிறுவனத்தின் வெற்றியில் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு, கையில் காசு இருந்ததால் கிடைத்த வசதி எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

2004 அக்டோபரில் திவால் நீதிபதி யுஎஸ் ஏர்வேஸ் ஊழியர்களின் சம்பளத்தில் 21 விழுக்காட்டைத் தற்காலிகமாக வெட்ட அனுமதித்தார். நவம்பரில் பிட்ஸ்பர்க் மையம் என்ற தகுதியை இழந்தது. 1992இல் இந்த ஒரே நிறுவனத்தை நம்பி, அதன் விமானங்கள் அலை அலையாக வந்து கிளம்புவதற்கு ஏற்றபடி ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில் கட்டிய முனையம் அது. ஆறு மாதம் கழித்து, 2005 மே மாதம், சவுத்வெஸ்ட் அங்கேயும் வந்து இறங்கியது. அந்த வெறுமையில் பிட்ஸ்பர்க் இருபது ஆண்டுகள் வாழ்ந்தது. அளவில் சிறிய புதிய முனையம் 2025 நவம்பரில்தான் திறந்தது. டிசம்பர் 2004 கிறிஸ்துமஸ் வாரத்தில் பிலடெல்பியாவில் ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக உடல்நலமில்லை என்று வேலைக்கு வராமல் போக, ஆயிரக்கணக்கான பெட்டிகள் உரியவர் இல்லாமல் மலைபோல் குவிந்தன. புத்தாண்டு வார இறுதிக்குச் சம்பளமில்லாமல் வந்து உதவும்படி நிர்வாகம் பிற ஊர் ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. சம்பளத்தை வெட்டிய கை அப்படி நீண்டது.

2005 தொடக்கத்தில் யுஎஸ் ஏர்வேஸுக்குப் பலரும் நாள் குறித்துவிட்டார்கள். காப்பாற்ற வந்தது அமெரிக்கா வெஸ்ட். 1983இல் பீனிக்ஸில் பிறந்து, தானும் ஒரு முறை திவாலாகி எழுந்த நிறுவனம். பீனிக்ஸ் சவுத்வெஸ்ட்டும் வலுவாகக் காலூன்றியிருந்த ஊர். அதாவது, சவுத்வெஸ்ட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்து பிழைக்கத் தெரிந்த ஒரே மைய நிறுவனத்தின் கைக்கு யுஎஸ் ஏர்வேஸ் போய்ச் சேர்ந்தது. 2005 செப்டம்பர் 27ஆம் தேதி இணைப்பு முடிந்தது. டக் பார்க்கர் தலைமை, அரிசோனாவில் அலுவலகம், பெயர் மட்டும் யுஎஸ் ஏர்வேஸ். இரண்டு திவால்களும் சேர்ந்து சம்பளத்தையும் விமானக் குத்தகைகளையும் ஓய்வூதியங்களையும் ஏற்கெனவே செதுக்கிவிட்டிருந்தன. மிச்ச மூன்று ஓய்வூதியத் திட்டங்களும் அந்த ஆண்டு பிப்ரவரியில் அரசின் காப்புறுதி அமைப்பிடம் போயிருந்தன. சந்தையில் சவுத்வெஸ்ட்டை வென்று குறைத்த செலவு அல்ல அது. நீதிமன்றத்தில் ஊழியர்களிடமிருந்தும் கடன்காரர்களிடமிருந்தும் எடுத்த செலவு. இரு தரப்பு விமானிகளும் பணிமூப்புப் பட்டியலை இணைப்பதில் பல ஆண்டுகள் வழக்காடிக்கொண்டிருந்தது தனிப் புராணம்.

சவுத்வெஸ்ட் பிலடெல்பியாவில் சில ஆண்டுகள் வேகமாக வளர்ந்தது. பிறகு நின்றது, பிறகு சுருங்கியது. விமானத்தைச் சட்டென்று திருப்பி அனுப்பும் வித்தை, ஓடுபாதைக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும் நிலையத்தில் பலிக்கவில்லை. மலிவு எண்ணெய் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. அதன் ஊழியர்களும் மூத்தவர்களாயினர். எதிரியின் செலவோ இறங்கியிருந்தது. 2012இல் பிலடெல்பியா–பிட்ஸ்பர்க் தடத்திலிருந்து சவுத்வெஸ்ட் விலகியதும் அங்கே யுஎஸ் ஏர்வேஸ் கட்டணம் பல மடங்கு எகிறியது. ‘சவுத்வெஸ்ட் விளைவு’ தலைகீழாகவும் வேலை செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை. பயணிகளுக்குக் கிடைத்த மலிவுக் கட்டணம் அவர்கள் வென்றெடுத்த சொத்து அல்ல. இரண்டு பேர் சண்டையிடும் வரைதான் அது.

2006இல் டெல்டாவை வாங்க முயன்று தோற்ற பார்க்கர், 2013 டிசம்பர் 9ஆம் தேதி திவாலில் இருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு யுஎஸ் ஏர்வேஸை இணைத்தார். பெயர் அமெரிக்கன், நாற்காலி பார்க்கருக்கு. இந்த முறையும் நீதித் துறை வழக்குப் போட்டது. சமரசமாக அவர்கள் விட்டுக்கொடுத்த ரீகன் நிலையத்தில் விமானம் ஏறி இறங்குவதற்கான நேர ஒதுக்கீடுகளில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்த இடம் சவுத்வெஸ்ட். 2015 அக்டோபரில் யுஎஸ் ஏர்வேஸ் பெயரில் கடைசி விமானம் பறந்தது. தபால் பையைக் கொக்கியால் கவ்விய ஆண்டை நினைவூட்டும்படி அதற்கு 1939 என்று எண் கொடுத்திருந்தார்கள். அது வந்து இறங்கிய ஊர் பிலடெல்பியா.

சவுத்வெஸ்ட்டின் பக்கத்துக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2022 டிசம்பரில் குளிர்காலப் புயலோடு அதன் பணியாளர் ஒதுக்கீட்டு மென்பொருளும் திணறியதில் கிட்டத்தட்ட 17,000 பயணங்கள் ரத்தாயின. 2024இல் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கிக் குவித்து, லாபம் போதவில்லை என்று கழுத்தில் துண்டைப் போட்டது. பெட்டிக்குக் கட்டணமில்லை என்பதைப் பல ஆண்டுகள் விளம்பரமாகவே வைத்திருந்த நிறுவனம், 2025 மே 28 முதல் பெட்டிக்குப் பணம் வாங்கத் தொடங்கியது. வந்தவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம் என்ற அரை நூற்றாண்டு வழக்கமும் போய், இருக்கை எண் வந்துவிட்டது. கூடுதலாகக் கால் நீட்ட இடம் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை.